தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் மேடையேற: கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இது யாருக்கு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்து, இப்போது பொறியியலோ கலை அறிவியலோ முதலாண்டில் இருப்பவர்களுக்கு. ஆங்கிலத்தில் படித்தால் புரிகிறது, தேர்வும் எழுத முடிகிறது, ஆனால் வகுப்பின் முன்னால் நின்று பேசச் சொன்னால் தொண்டை அடைக்கிறது என்பவர்களுக்கு. நானும் அந்த வழியாக வந்தவள்தான். எதை முதலில் செய்வது, எதற்கு எவ்வளவு செலவாகும், எந்தக் காகிதத்தை யாரிடம் கேட்பது என்று எனக்கு யாரும் வரிசைப்படுத்திச் சொல்லவில்லை. கேட்ட இடத்திலெல்லாம் கிடைத்த பதில் "நிறைய பேசு, தானா வந்துடும்". எங்கே போய், யார் முன்னால் பேசுவது என்பதுதானே பிரச்சினையே!

இலக்கணத்தை முழுக்கச் சரிசெய்துகொண்டு அப்புறம் மேடையேறலாம் என்று காத்திருந்தால் படிப்பே முடிந்துவிடும். எதிரில் ஆட்கள் இருக்க, நேரக் கணக்கோடு, சின்னச் சின்னதாக, அடிக்கடி பேசக் கிடைப்பதுதான் ஒருவரை மாற்றுகிறது. அந்த வாய்ப்புகளை எந்த வரிசையில் கேட்டு வாங்குவது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

1. முதலில் ஒரு நிமிடம் பேசிப் பதிவுசெய்யுங்கள்

செலவு: ஒன்றுமில்லை. தேவை: கைபேசி.

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, எழுதி வைக்காமல், உங்கள் ஊரைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நிமிடம் பேசுங்கள். பேசியதைத் திரும்பக் கேட்கும்போது இலக்கணப் பிழைகளைத் தேடாதீர்கள். எந்த இடங்களில் நின்றீர்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். வார்த்தை கிடைக்காமல் நின்றீர்களா, வார்த்தை தெரிந்தும் வாக்கியத்தைக் கட்டத் தெரியாமல் நின்றீர்களா, சொன்னது சரியா என்ற சந்தேகத்தில் நின்றீர்களா? இந்த மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. முதலாவதற்குச் சொற்கள் வேண்டும், இரண்டாவதற்கு வாய்ப்பழக்கம், மூன்றாவதற்குக் கேட்க ஆட்கள்.

பெரும்பாலான தமிழ் வழி மாணவர்கள் நிற்பது இரண்டாவதில். அதற்குக் காரணம் உண்டு. தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வரும். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்தே வந்துவிட வேண்டும். மனசுக்குள் தமிழ் வாக்கியத்தை முழுசாகக் கட்டி, அதை ஆங்கிலமாக மாற்ற முயலும்போது, வினையைத் தேடிக்கொண்டு வாய் நடுவழியில் நின்றுவிடுகிறது. "நேற்று பஸ் லேட்டாக வந்ததால் முதல் பீரியடுக்கு வரமுடியவில்லை" என்பதை ஒரே வாக்கியமாகச் சொல்லப் பார்க்காதீர்கள். "தி பஸ் கேம் லேட். ஐ மிஸ்டு தி ஃபர்ஸ்ட் பீரியட்." யார், என்ன செய்தார் என்ற இரண்டு துண்டோடு வாக்கியத்தை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். குட்டி வாக்கியங்களில் பேசுவதில் குறைவு ஒன்றும் இல்லை. மேடையில் கேட்பவர்களுக்கும் அதுதான் வசதி.

இந்தப் பதிவை அழித்துவிடாமல் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை இதே மாதிரி இன்னொன்று. முன்னேற்றம் நமக்கு நாமே தெரியாது, பதிவில்தான் தெரியும்.

2. தினமும் கால் மணி நேரம் சத்தம்போட்டு வாசியுங்கள்

மனசுக்குள் படிப்பது இதற்கு உதவாது. உதடும் நாக்கும் வேலை செய்ய வேண்டும். தொடங்கும்போதே ஆங்கில நாளிதழின் தலையங்கத்தை எடுக்காதீர்கள். பாதிப் பேர் மூன்றாம் நாளே விட்டுவிடுவது அதனால்தான். நம் பாடநூல் கழகத்தின் ஏழாம், எட்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடப் புத்தகங்கள் இணையத்தில் பி.டி.எஃப். ஆக இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் வரும் உரைநடைக் கதைகள் இதற்கு அளவெடுத்தது போல இருக்கும். கல்லூரிக்கு வந்துவிட்டு எட்டாம் வகுப்புப் புத்தகமா என்று கூச்சப்பட வேண்டாம். புரிகிற பாடத்தை வாசித்தால்தான் கவனம் உச்சரிப்பில் இருக்கும்.

அது பழகியதும் அகில இந்திய வானொலியின் ஆங்கிலச் செய்தியைக் கேட்டு, வாசிப்பவரின் பின்னாலேயே அரை நொடி தள்ளி நீங்களும் சொல்லிப் பாருங்கள். முதலில் வாய் திணறும், பாதி வார்த்தைகள் நழுவும். பரவாயில்லை. எங்கே அழுத்துகிறார்கள், எங்கே மூச்சு விடுகிறார்கள் என்பது அப்படியே உங்களுக்குள் இறங்கிவிடும்.

உச்சரிப்பில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்றே மூன்று. மெய்யெழுத்தில் முடிய வேண்டிய வார்த்தைக்குப் பின்னால் ஓர் உகரத்தைச் சேர்த்துவிடுகிறோம்: 'பட்டு', 'அண்டு', 'டெஸ்ட்டு'. எகரத்தில் தொடங்கும் வார்த்தையில் ஒரு யகரம் ஒட்டிக்கொள்கிறது: 'யெவ்ரி', 'யெக்ஸாம்'. முதுகைக் குறிக்கும் வார்த்தையையும் பையைக் குறிக்கும் வார்த்தையையும் ஒரே மாதிரி 'பேக்' என்கிறோம், ஏனென்றால் நம் ககரம் இரண்டு ஒலிக்கும் பொது. இந்த மூன்றையும் சரிசெய்தால் போதும். அமெரிக்கர் மாதிரியோ பிரிட்டிஷார் மாதிரியோ பேச வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. தமிழர் பேசும் ஆங்கிலம் தமிழர் பேசுவது போலவே இருக்கலாம். எதிரில் இருப்பவருக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

3. வகுப்பில் ஒரு கேள்வி கேளுங்கள்

மேடைக்கு முந்தைய படி இதுதான், இதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். வாரத்துக்கு ஒரு வகுப்பில், ஒரே ஒரு கேள்வி, ஆங்கிலத்தில், எழுந்து நின்று. கேள்வியை முதல்நாளே நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளலாம். பத்து நொடி வேலை. ஆனால் அறுபது தலைகள் ஒரே நேரத்தில் திரும்பும்போது உடம்பில் என்ன நடக்கிறது என்பதை அந்தப் பத்து நொடியில் பழகிக்கொள்கிறீர்கள்.

4. நன்றியுரையைக் கேட்டு வாங்குங்கள்

துறை விழா, விருந்தினர் உரை, பயிலரங்கு என்று கல்லூரியில் ஏதாவது நடந்துகொண்டேதான் இருக்கும். எல்லாவற்றிலும் வரவேற்புரை, விருந்தினர் அறிமுகம், தொகுத்து வழங்குதல், நன்றியுரை என்று மாணவர்களுக்கு நாலு வேலை உண்டு. வழக்கமாக ஆங்கில வழியில் படித்த அதே இரண்டு மூன்று பேரைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தால் கிடைக்காது. துறையின் மாணவர் சங்கத்துக்குப் பொறுப்பான ஆசிரியரை நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பே நேரில் பார்த்து, "மேம், இந்த முறை வோட் ஆஃப் தேங்க்ஸ் நான் சொல்றேன்" என்று கேளுங்கள். தமிழிலேயே கேளுங்கள். ஒப்புக்கொள்ள வைப்பதுதான் முக்கியம்.

ஏன் நன்றியுரை? இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். கட்டமைப்பு எல்லாருக்கும் தெரிந்தது. அதற்குள் அரங்கமும் களைத்துப்போய்த் தேநீரை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும், யாரும் உங்களை எடைபோடும் மனநிலையில் இருக்க மாட்டார்கள். முதல் மேடைக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

இதில் ஒரு பொறி இருக்கிறது, பெயர்கள். நன்றியுரையில் தடுமாறுபவர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் தடுமாறுவதில்லை. விருந்தினரின் பதவியில், நிறுவனத்தின் நீளப் பெயரில், யாருக்கு முதலில் நன்றி சொல்வது என்ற வரிசையில்தான் தடுமாறுகிறார்கள். ஆகவே துறை அலுவலகத்தில் அழைப்பிதழின் ஒரு பிரதியைக் கேட்டு வாங்குங்கள். பெயரும் பதவியும் அதில் அச்சிட்டபடி இருக்கும், வரிசையும் அதுதான். ஒவ்வொரு பெயரையும் தனி வரியில், பெரிய எழுத்தில், பக்கத்திலேயே தமிழில் உச்சரிப்போடு எழுதிக்கொள்ளுங்கள். கடைசி நேரத்தில் யார் வரவில்லை, யார் புதிதாக வந்திருக்கிறார் என்று நிகழ்ச்சி தொடங்கியதும் ஒருமுறை சரிபாருங்கள். வராதவருக்கு நன்றி சொல்வது அரங்கில் எல்லாருக்கும் சங்கடம்.

தாளை நாலாக மடித்துக் கையில் கசக்காமல், கெட்டி அட்டையில் எழுதிக்கொண்டு போங்கள். கை நடுங்கினாலும் அட்டை படபடக்காது.

அப்புறம் மைக். விழாவுக்கு அரை மணி நேரம் முன்னதாகப் போய், ஆள் இல்லாத அரங்கில் ஒருமுறை மேடையில் நின்று பாருங்கள். ஒலிபெருக்கிக்காரரிடம் சொன்னால் மைக்கைப் போட்டுக் காட்டுவார். வாயிலிருந்து ஒரு முஷ்டி தூரத்தில் இருந்தால் போதும். தன் குரல் பெரிதாகத் திரும்பி வருவதை முதன்முதலில் கேட்கும்போது பலருக்குப் பேச்சே நின்றுபோகிறது. அந்த அதிர்ச்சியைக் காலி அரங்கிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

5. செமினார்: மனப்பாடம் வேண்டாம்

அடுத்தது வகுப்பில் எடுக்கும் செமினார். இங்கேதான் நிறையப் பேர் காயம்பட்டு, இனி மேடையே வேண்டாம் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். காரணம் மனப்பாடம். ஐந்து பக்கத்தை வரிக்கு வரி உருப்போட்டுப் போகிறோம். நடுவில் ஒரு வரி மறந்தால் அதற்குப் பின்னால் உள்ள அத்தனையும் மறந்துவிடுகிறது, ஏனென்றால் ஒவ்வொரு வரியையும் அதற்கு முந்தைய வரிதான் ஞாபகப்படுத்துகிறது.

அதற்குப் பதிலாக இப்படிச் செய்யுங்கள். முதல் இரண்டு வாக்கியங்களையும் கடைசி இரண்டு வாக்கியங்களையும் மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். நடுவில் உள்ளதற்கு அட்டையில் குறிப்புகள், ஒரு குறிப்புக்கு மூன்று நாலு வார்த்தைக்கு மேல் வேண்டாம். அந்தக் குறிப்புகளை மட்டும் பார்த்துக்கொண்டு நாலைந்து தடவை வாய்விட்டுப் பேசிப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் வாக்கியம் வேறு மாதிரி வரும், வரட்டும். ஒரே விஷயத்தைப் பல விதமாகச் சொல்லிப் பார்த்தவருக்கு மேடையில் ஒரு வழி அடைத்தால் இன்னொரு வழி திறக்கும்.

நேரக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். புதிதாகப் பேசுகிறவர் நிமிடத்துக்கு நூறு வார்த்தை என்று வைத்துக்கொள்ளலாம். பத்து நிமிடச் செமினாருக்கு ஆயிரம் வார்த்தைக்கான விஷயம் இருந்தால் போதும். இரண்டாயிரம் வார்த்தையைத் தயாரித்துக்கொண்டு போனால் கடகடவென்று ஓட்ட வேண்டியிருக்கும், வேகமாகப் போனால் தடுக்கும். திரையில் காட்டும் ஸ்லைடில் முழு வாக்கியங்கள் வேண்டாம். இருந்தால் கண் அங்கேதான் போகும், முதுகைக் காட்டிக்கொண்டு படித்துக்கொண்டிருப்பீர்கள்.

பேசிமுடித்ததும் வரும் கேள்விகளுக்கு மூன்று வாக்கியங்களைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள். புரியவில்லை என்றால், "குட் யூ ப்ளீஸ் ரிப்பீட் தி கொஸ்டின்?" யோசிக்க நேரம் வேண்டுமென்றால், "லெட் மீ திங்க் ஃபார் எ மொமென்ட்." தெரியவில்லை என்றால், "ஐ டோன்ட் நோ தி ஆன்ஸர் நௌ. ஐ வில் ஃபைண்ட் அவுட் அண்ட் டெல் யூ." இந்த மூன்றும் சரளமாக வந்தால் கேள்வி நேரத்தின் பயத்தில் பாதி போய்விடும். மூன்றாவதைச் சொன்னால் அடுத்த வகுப்பில் மறக்காமல் பதிலோடு போங்கள்.

இன்னொன்று, தொடங்கும்போதே "ஐ ஆம் நாட் குட் இன் இங்கிலீஷ், சாரி" என்று மன்னிப்புக் கேட்காதீர்கள். அதைச் சொல்லாவிட்டால் முக்கால்வாசிப் பேர் உங்கள் பிழைகளைக் கவனிக்கவே மாட்டார்கள். சொல்லிவிட்டால் அதைத்தான் எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

6. டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்: சேரும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கல்லூரிக்குள் வாய்ப்பு மாதம் ஒன்று கிடைத்தாலே பெரிசு. வாரா வாரம் பேச வேண்டுமென்றால் வெளியே போக வேண்டும். டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்பது மேடைப் பேச்சு பழகுவதற்காக உலகம் முழுக்கக் கிளப்கள் உள்ள, லாப நோக்கற்ற அமைப்பு. சென்னையிலும் கோவையிலும் நிறையக் கிளப்கள் இருக்கின்றன, இணையவழியில் மட்டுமே நடக்கும் கிளப்களும் உண்டு. அவர்களுடைய இணையதளத்தில் உங்கள் ஊரைப் போட்டால் பக்கத்தில் இருப்பவை நாளோடும் நேரத்தோடும் வரும்.

தேடும்போது மூன்று விஷயம் பாருங்கள். சில கிளப்கள் ஒரு கம்பெனியின் ஊழியர்களுக்கு மட்டும், வெளியாட்களைச் சேர்க்க மாட்டார்கள். சிலவற்றில் கூட்டம் தமிழில் நடக்கும். அது நல்ல விஷயம்தான், ஆனால் நீங்கள் தேடுவது அதுவல்ல. மூன்றாவதாக, கூட்டம் எத்தனை மணிக்கு முடிகிறது என்று கேளுங்கள்.

விருந்தினராகப் போய்ப் பார்க்கப் பெரும்பாலும் கட்டணம் கிடையாது. ஒரே கிளப்போடு நிற்காமல் இரண்டு மூன்று இடங்களுக்குப் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கூட்டம் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் போகும். அதில் ஒரு பகுதி டேபிள் டாபிக்ஸ். முன்தயாரிப்பு இல்லாமல், அந்த இடத்திலேயே கொடுக்கும் தலைப்பில் ஒன்று முதல் இரண்டு நிமிடம் பேச வேண்டும். விருந்தினர்களையும் "முயற்சி செய்கிறீர்களா?" என்று கேட்பார்கள். சரி என்று எழுந்துவிடுங்கள். ஒரு நிமிடத்தில் பச்சை, ஒன்றரையில் மஞ்சள், இரண்டில் சிவப்பு என்று அட்டையோ விளக்கோ காட்டுவார்கள். மஞ்சள் வந்ததும் பேச்சை முடிக்கும் பக்கம் திருப்ப வேண்டும். இன்னொருவர் நீங்கள் 'ஆ', 'ம்', 'சோ', 'ஆக்சுவலி' என்று இழுத்ததையெல்லாம் எண்ணி, கடைசியில் எல்லாருக்கும் சேர்த்து வாசிப்பார். முதல் தடவை கேட்க வருத்தமாக இருக்கும். ஆனால் ஆசிரியர்கள் யாரும் இவ்வளவு துல்லியமாக நமக்குச் சொல்வதில்லை. அந்த எண்ணிக்கை குறைந்துகொண்டே வருவதைப் பார்ப்பது எனக்குப் பெரிய தெம்பாக இருந்தது.

சேர வேண்டுமென்றால்:

வயது 18 நிறைந்திருக்க வேண்டும். முதலாண்டில் பலருக்கு 17 தான் ஆகியிருக்கும். அதுவரை விருந்தினராகப் போய்க்கொண்டிருங்கள்.

கல்விச் சான்றிதழ் எதுவும் கேட்க மாட்டார்கள். விண்ணப்பப் படிவத்தில் பெயர், முகவரி, மின்னஞ்சல் போதும். உறுப்பினர்களுக்கான பேச்சுப் பயிற்சிப் பாடங்கள் அனைத்தும் அந்த மின்னஞ்சல் கணக்கு வழியாகத்தான் திறக்கும் என்பதால், படிப்பு முடிந்ததும் மூடிவிடும் கல்லூரி மின்னஞ்சலைக் கொடுக்காமல் சொந்தமானதைக் கொடுங்கள். இன்ஷியலும் பெயரும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ளபடியே இருக்கட்டும். பின்னால் வேலைக்குக் காட்டும்போது ஒத்துப்போகும்.

செலவு: மைய அமைப்புக்கான சந்தா ஆறு மாதத்துக்கு 60 டாலர். முதல் தடவை சேரும்போது மட்டும் கூடுதலாக 20 டாலர். இது போக அரங்க வாடகை, தேநீர் என்று கிளப்பும் தன் பங்குக்கு ஒரு தொகை வாங்கலாம். ஆறு மாதச் சந்தா மட்டுமே நம் பணத்தில் ஐயாயிரத்தைத் தாண்டுகிறது. மாணவருக்கு இது பெரிய தொகை. எவ்வளவு, எதற்கு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

எப்போது சேர்வது: சந்தாக் காலம் ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை, அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை என்று இரண்டு. நடுவில் சேர்ந்தால் மீதி மாதங்களுக்கு மட்டும் கணக்கிட்டு வாங்குவார்கள். மே, ஜூனில் பணத்தைக் கட்டிவிட்டு விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டால் அந்த மாதங்கள் வீண். பருவம் தொடங்கி, உங்கள் கால அட்டவணை கையில் வந்தபிறகு சேருங்கள்.

விடுதியில் இருப்பவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, உண்மையான தடை பணம்கூட இல்லை, விடுதி நேரம். ஆறு, ஆறரைக்குள் திரும்பச் சொல்லும் விடுதியில் இருந்துகொண்டு மாலைக் கூட்டத்துக்குப் போக முடியாது. ஞாயிறு காலையில் நடக்கும் கிளப்பைத் தேடுங்கள். ஒவ்வொரு வாரமும் தனித்தனியாக அனுமதி கேட்பதைவிட, பருவத் தொடக்கத்திலேயே கிளப்பின் கூட்ட நாட்களை அச்சிட்டு, பெற்றோரின் கையெழுத்தோடு, துறைத் தலைவர் வழியாக வார்டனுக்கு ஒரே கடிதமாகக் கொடுத்துவிடுங்கள். அதுவும் நடக்காவிட்டால் இணையவழிக் கிளப். திரையைப் பார்த்துப் பேசுவது அரங்கில் நிற்பதற்கு ஈடாகாதுதான், ஆனால் ஒன்றும் இல்லாததற்கு எவ்வளவோ மேல்.

பணம் கட்ட முடியாதவர்கள் மனம் தளர வேண்டாம். அந்தக் கூட்டத்தின் அமைப்பை இரண்டு தடவை பார்த்துவிட்டால் நீங்களே நடத்தலாம். விடுதியிலோ வகுப்பிலோ ஆறு பேர் போதும். ஒருவர் கைபேசியில் நேரம் பார்க்கட்டும், ஒருவர் 'சோ', 'ஆக்சுவலி' எண்ணட்டும், ஒருவர் பேசியவரைப் பற்றி இரண்டு மூன்று நிமிடம் கருத்துச் சொல்லட்டும். வாரம் ஒருமுறை, ஒரே கிழமை, ஒரே நேரம். பேசத் தெரிந்தவரைத் தலைவராக்கி அவர் பாடம் எடுக்க மற்றவர்கள் கேட்பது என்று மாறிவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாரும் எழுந்து நின்று பேசிவிட்டுத்தான் அன்றைக்குக் கலைய வேண்டும்.

7. முதல் தயாரித்த உரை

கிளப்பில் முதல் உரைக்கு ஐஸ் பிரேக்கர் என்று பெயர். உங்களைப் பற்றி நாலு முதல் ஆறு நிமிடம் பேச வேண்டும். பிறந்த ஊர், பள்ளி, பெற்றோர், பொழுதுபோக்கு என்று பயோடேட்டாவை வாசிக்காதீர்கள். "மைசெல்ஃப் இன்னார்" என்றும் தொடங்காதீர்கள், "ஐ ஆம்" போதும். உங்களுக்கு மட்டுமே தெரிந்த ஒரு விஷயத்தை எடுங்கள். விடியற்காலையில் அம்மா பூ கட்டி முழம்போடுவது, அப்பாவின் தறியில் பாவு ஓட்டுவது, ஊர்ப் பேருந்தின் முதல் டிரிப். தெரிந்ததைச் சொல்லும்போது கண்முன்னால் படம் ஓடும், வார்த்தை அதன் பின்னாலேயே வந்துவிடும். பூவை முழம்போடுவதற்கு ஆங்கிலத்தில் வார்த்தை தெரியாவிட்டால் கையை நீட்டிக் காட்டுங்கள். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை அளந்து காட்டினால் அரங்கம் முழுக்கப் புரிந்துகொள்ளும்.

8. வெளிக்கல்லூரிப் போட்டிகள்: காகித வேலை

பேச்சுப்போட்டி, பேப்பர் பிரசன்டேஷன், 'ஜாம்' எனப்படும் ஒரு நிமிடப் பேச்சு. இவற்றுக்கு இரண்டாம் ஆண்டிலிருந்து போகலாம். ஜாமில் தயக்கம், திரும்பச் சொல்லல், தலைப்பை விட்டு விலகல் மூன்றுக்கும் இடமில்லை. டேபிள் டாபிக்ஸ் பழகியவர்களுக்கு இது கைவந்துவிடும்.

கையில் வேண்டியவை: கல்லூரி அடையாள அட்டை அசல், போனஃபைட் சான்றிதழ் (இந்தக் கல்லூரியில் படிக்கிறீர்கள் என்பதற்கானது), துறைத் தலைவர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம். போனஃபைட் வாங்க அலுவலகத்தில் இரண்டு மூன்று நாள் ஆகலாம், ஆகவே போட்டி அறிவிப்பைப் பார்த்த அன்றே விண்ணப்பியுங்கள். ஓ.டி. (ஆன் டியூட்டி: வெளியே போட்டிக்குப் போகும் நாளுக்கும் வருகை தருவது) படிவத்தைப் போவதற்கு முன்பே கொடுத்து, வகுப்பு ஆலோசகரின் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். திரும்பி வந்ததும் பங்கேற்புச் சான்றிதழின் நகலை இணைத்தால்தான் வருகை பதிவாகும். இது தாமதமாகிப் பருவ இறுதியில் வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போய் அல்லாடியவர்களைப் பார்த்திருக்கிறேன். பதிவுக் கட்டணம் பெரும்பாலும் சில நூறு ரூபாய், பேருந்தும் சாப்பாடும் தனி. சில கல்லூரிகள் பதிவுக் கட்டணத்தைத் திருப்பித் தரும், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

9. காசு கொடுத்துச் சேரும் வகுப்புகள்

ஸ்போக்கன் இங்கிலீஷ் மையங்களைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். நல்லவையும் இருக்கின்றன. நான் போன இடத்தில் முழுக் கட்டணத்தையும் முதல் நாளே வாங்கிக்கொண்டார்கள். ஒரு பேட்சில் நாற்பது பேர். ஒரு மணி நேர வகுப்பில் ஆசிரியர் ஐம்பது நிமிடம் பேசுவார், எங்களுக்கு ஆளுக்கு அரை நிமிடம்கூட வராது. நடுவில் நின்றபோது ஒரு ரூபாய் திரும்பவில்லை. அதனால் இந்தக் கேள்விகளைக் கேட்காமல் பணத்தைக் கட்டாதீர்கள்: பேட்சில் எத்தனை பேர்? ஒரு வகுப்பில் ஒரு மாணவர் எத்தனை நிமிடம் பேசுவார்? பணம் கட்டும் முன் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்க்கலாமா? மாதா மாதம் கட்டலாமா? நடுவில் நின்றால் எவ்வளவு திரும்பும், அது ரசீதில் எழுதியிருக்கிறதா? "முப்பது நாளில் சரளமாக" என்று எழுதிப்போட்டிருக்கும் இடத்தில் இந்தக் கேள்விகளை இரண்டு தடவை கேளுங்கள்.

இலவசமாகவும் வழி இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2022-இல் மாணவர்களின் திறன் வளர்க்கத் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் ஆங்கிலப் பயிற்சியும் சேர்த்தி. உங்கள் கல்லூரியில் அதற்குப் பொறுப்பான ஆசிரியர் யார் என்று கேட்டு, உங்கள் துறைக்கு என்ன ஒதுக்கியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஐ.ஐ.டி.க்கள் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். என்ற இணையப் பாடத் தளத்தில் ஆங்கிலம், மென்திறன் பாடங்கள் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். படிக்கக் கட்டணம் இல்லை, சான்றிதழ் வேண்டுமென்றால்தான் தேர்வுக் கட்டணம், ஒரு பாடத்துக்கு 1000 ரூபாய். வாராந்தரப் பயிற்சிக்கு 25, தேர்வுக்கு 75 என்று மதிப்பெண். தேர்வை மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். காது பழக இவை நன்றாக உதவும். ஆனால் வீடியோ பார்த்து யாரும் மேடைப் பேச்சு பழகியதில்லை. இவற்றை மட்டுமே நம்பி நாலாவது, ஆறாவது படிகளை விட்டுவிடாதீர்கள்.

10. எதை எப்போது எதிர்பார்க்கலாம்

முதல் பருவத்தில் முதல் மூன்று படிகள் போதும். சத்தம்போட்டு வாசிப்பது ஒரு மாதம் விடாமல் நடந்தால் வாய் இளகுவது உங்களுக்கே தெரியும். இரண்டாம் பருவத்தில் ஒரு நன்றியுரை, ஒரு செமினார். இரண்டாம் ஆண்டு முழுக்க வாராந்தரக் கிளப்போ உங்கள் ஆறு பேர் குழுவோ. நடுக்கம் அப்போதும் முழுசாகப் போகாது. முதல் அரை நிமிடம் இதயம் அடித்துக்கொள்ளும், அப்புறம் அடங்கிவிடும். நாள்பட நாள்பட அந்த அரை நிமிடம் குறையும். வளாக நேர்காணலின் குழு விவாதம் பெரும்பாலும் மூன்றாம் ஆண்டு கடைசியிலோ நாலாம் ஆண்டு தொடக்கத்திலோ வரும். மூன்றாண்டுப் படிப்பு என்றால் கடைசி ஆண்டில். அதற்கு ஒரு பருவம் முன்பே உங்கள் குழுவில் தனிப்பேச்சைக் குறைத்து, எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து பத்து நிமிடம் ஒரே தலைப்பைப் பேசுவதைத் தொடங்குங்கள். அங்கே தேவைப்படுவது மேடைப் பேச்சுத் திறன் மட்டும் அல்ல. இன்னொருவர் பேசும்போது இடைவெளி பார்த்து, "மே ஐ ஆட் எ பாயின்ட் ஹியர்?" என்று நுழையத் தெரிய வேண்டும், பேசாமல் இருக்கும் பக்கத்து ஆளைப் பார்த்து "வாட் டூ யூ திங்க்?" என்று கேட்கவும் தெரிய வேண்டும். தேர்வாளர்கள் இரண்டையும் குறித்துக்கொள்கிறார்கள்.